முதலில் வருகையாளர், பிறகு தொழிலாளர்: பெர்மிட்டுக்கு முந்திய பயணம் பற்றி ஓர் ஆய்வு

வெளிநாட்டில் வேலை உறுதியாகிவிட்டது. பெர்மிட்டுக்கான ஒப்புதலும் வந்துவிட்டது. சேர வேண்டிய நாளுக்கு இன்னும் சில வாரம் இருக்கிறது. அதற்குள் சுற்றுலாப் பயணியாக அந்த நாட்டுக்குப் போய், வேலை செய்யப்போகும் இடத்தையும் தங்கப்போகும் அறையையும் நேரில் பார்த்துவிட்டு வரலாமா? போனவர் அங்கிருந்தபடியே பெர்மிட்டைக் கைக்கு வாங்கி வேலையில் சேர்ந்துவிடலாமா?

கேள்வி எளியது. ஆனால் இதற்குச் சொல்லப்பட்ட விடைகள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கைப்பட்டாணி, பீடோங் பக்கமாக இருக்கும் சுங்கை லாலாங் வட்டாரத்திலிருந்து பார்த்தால் இந்த மாற்றம் தெளிவாகத் தெரியும். ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் வந்து குடியேறிய பகுதி இது. அந்தத் தோட்டங்களில் பல பின்னர் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் தொழிற்சாலைகளுக்கும் இடம் கொடுத்தன. கடப்பிதழ் இல்லாமல் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று சிங்கப்பூருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் வேலை தேடிப் போகிறார்கள். அதே வேளையில் தமிழ்நாட்டிலிருந்து சமையலுக்கும் முடிதிருத்தத்துக்கும் தோட்ட வேலைக்கும் ஆட்கள் இங்கே வருகிறார்கள். ஆள் அனுப்பும் ஊர், ஆளைப் பெறும் ஊர் என்ற இரண்டு நிலையும் இந்த வட்டாரத்துக்கு உண்டு.

கேள்வி ஒன்றல்ல, இரண்டு

இதைப் பற்றிய விவாதங்கள் குழம்புவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். வெவ்வேறான இரண்டு செயல்கள் ஒரே பெயரில் பேசப்படுகின்றன. ஒருவர் பெர்மிட் ஒப்புதலைக் கையில் வைத்துக்கொண்டு, அதைத் தொடாமல், வெறும் பார்வையாளராகப் போய்த் திரும்புகிறார். பிறகு முறைப்படி வேலை விசாவில் மீண்டும் நுழைகிறார். இன்னொருவர் கையில் எதுவும் இல்லாமல், அல்லது ஏஜெண்டின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி, சுற்றுலா அனுமதியில் நுழைந்து உள்ளிருந்தே வேலைக்கு மாறப் பார்க்கிறார்.

முதலாமவரிடம் மறைக்க ஒன்றுமில்லை. இரண்டாமவரின் பயண நோக்கமே நுழைவாயிலில் சொன்னதிலிருந்து வேறு. ஆனால் விமான நிலையக் கவுண்டரில் நிற்கும்போது இருவரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள்: ஒரு பை, ஒரு திரும்பும் டிக்கெட், ஒரு தங்கும் விடுதிப் பதிவு. குடிநுழைவு அதிகாரி சில நிமிடங்களில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. சட்டங்களின் கடுமைக்கும் அவற்றால் முதலாமவர் படும் பாட்டுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது என்று கொள்ளலாம்.

பாஸ் இல்லாத காலம்

பிரிட்டிஷ் ஆட்சியில் மலாயாவுக்கு வந்த இந்தியத் தொழிலாளருக்கு ‘வருகையாளர்’, ‘வேலையாள்’ என்ற பிரிவு இல்லை. அவரும் பிரிட்டிஷ் பிரஜை. இரண்டு ஊரும் ஒரே பேரரசுக்குள் இருந்தன. அன்றைய பிரிவு வேறு: பயணச் செலவை யார் கட்டினார் என்பதே அது. 1907இல் சட்டமாக வந்த தமிழ்க் குடிநுழைவு நிதிக்குத் தோட்ட முதலாளிகள் தாங்கள் வைத்திருந்த ஆட்களின் கணக்குப்படி பணம் கட்டினார்கள். அந்த நிதி கப்பல் கட்டணத்தை ஏற்றது. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுக்கு வந்த பிறகு கங்காணி முறையே முதன்மை வழியாயிற்று. கெடா 1909ஆம் ஆண்டு ஆங்கிலோ–சயாம் உடன்படிக்கையால் பிரிட்டிஷ் பாதுகாப்பின் கீழ் வந்தது. அதன் ரப்பர் தோட்டங்கள் விரிந்தது அதற்குப் பிந்திய ஆண்டுகளில்தான்.

தோட்டத்திலிருந்து கங்காணி உரிமத்தோடு சொந்த ஊருக்குப் போவார். உறவும் ஊராரும் சேர்வார்கள். நாகப்பட்டினம் அல்லது ஆவடி முகாமில் தங்கல், கப்பலின் மேல்தளத்தில் பயணம், பினாங்கை ஒட்டிய ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவல், பிறகு நிலப்பகுதிக்குக் கடந்து கெடா தோட்டம். வருபவருக்குத் தோட்டம் எப்படி இருக்கும் என்று தெரிந்ததெல்லாம் கங்காணி சொன்னதுதான். கங்காணிக்கோ ஆளுக்கு இவ்வளவு என்று தரகும், பிறகு வேலைக்கு வந்த ஆள் கணக்கில் தலைக்காசும் உண்டு. ஊரைப் பற்றி அவர் தந்த சித்திரத்தில் ஆதாயம் கலந்திருந்தது என்பதைத் தனியாக நிறுவ வேண்டியதில்லை.

இந்தக் குறையை அன்றைய இந்திய அரசு அறியாமல் இல்லை. 1922ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டமும் அதைத் தொடர்ந்த விதிகளும் ஒரு மாற்று வழியை வைத்தன. வந்து ஓராண்டுக்குள், உடல்நலம் ஒத்துக்கொள்ளாமலோ வேலை பொருந்தாமலோ நியாயமற்ற நடத்தையாலோ திரும்ப விரும்பும் தொழிலாளியைச் செலவின்றி ஊருக்கு அனுப்பலாம் என்பது அது. கோலாலம்பூரில் இந்திய அரசின் முகவர் ஒருவர் இதையும் கவனித்துவந்தார்.

நம் கேள்விக்குக் கிடைத்த பழைய விடைகளில் மிக முக்கியமானதாக இதைக் கருதுகிறேன். முன்கூட்டியே போய்ப் பார்க்க ஏழைக்கு வசதியில்லை. ஆகவே வந்து பார்த்தபின் திரும்பும் உரிமையைக் கொடு, செலவை ஆள் எடுத்தவன் தலையில் வை என்று அந்த விதி சொன்னது. அதன் பலவீனமும் வெளிப்படை. கெடாவின் உள்தோட்டம் ஒன்றில் இருந்த எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், தோட்டத் துரையையும் எழுத்தரான கிராணியையும் கங்காணியையும் தாண்டி, கோலாலம்பூர் முகவருக்குத் தன் குறையை எட்டச் செய்ய வேண்டும். காகிதத்தில் இருந்த உரிமை எத்தனை பேருக்குக் கைக்கு வந்தது என்பது வேறு ஆராய்ச்சி. மேலும் அதே திருப்பியனுப்பும் ஏற்பாடு, 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியரை ஊருக்கு அனுப்பும் வழியாகவும் ஆயிற்று. உரிமைக்காக வைத்த வாசல் வெளியேற்றத்துக்கும் பயன்பட்டது.

1938 ஜூனில் இந்திய அரசு உதவிபெற்ற குடிபெயர்வை நிறுத்தியது. சொந்தச் செலவில் வந்தவர்களின் போக்குவரத்து மட்டும் தொடர்ந்தது.

வாசலில் பெயர்ப்பலகை மாட்டிய சட்டங்கள்

மலாயாவில் 1952ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டம் 1953 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தபோதுதான், இந்தியர் எந்த நோக்கத்துக்காக வருகிறார் என்ற கேள்வி அவர் நுழைவைத் தீர்மானிக்கத் தொடங்கியது. அதற்கு முன் இடையூறின்றிப் போய்வந்த குடும்பங்களுக்கு இது புதிது. ஊருக்குப் போய்த் திரும்பவும், மனைவி மக்களை அழைத்துக்கொள்ளவும் தாள் வேண்டியதாயிற்று.

1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், முதலில் தாள், பிறகு வேலை என்ற வரிசையைத் தலைகீழாக்கியது. பல்லாண்டு இங்கே உழைத்தவர்கள், ஆனால் குடியுரிமை பெறாமல் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள், வேலையில் தொடரப் பெர்மிட் எடுக்க வேண்டியதாயிற்று. வேலை முதலில், பெர்மிட் பிறகு. விண்ணப்பம் செய்யத் தெரியாதவர்களும் செய்தும் கிடைக்காதவர்களுமாக ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் நாட்டைவிட்டுப் போனதாக மதிப்பிடப்படுகிறது. தோட்டப்புறக் குடும்பங்கள் கப்பல் துறையில் பிரிந்த கதைகள் கெடாவில் இன்றும் பேசப்படுவது இதனால்தான். பெர்மிட் என்ற சொல்லைக் கேட்டதும் மூத்தவர்களிடம் எழும் அச்சத்துக்கு வரலாற்றுக் காரணம் உண்டு.

திறந்ததும் மூடியதும் மறுபடி திறந்ததும்

இன்றைய மலேசியாவின் கொள்கை எழுத்தில் கறாரானது. 1959/63ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டத்தின்படி சமூக வருகை அனுமதியில் உள்ளவர் எந்த வேலையும் செய்யக்கூடாது. அனுமதி முடிந்தும் தங்கினால் 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமோ 5 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். அப்படிப்பட்டவரை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு ஆள் ஒன்றுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. 5 பேருக்கு மேல் வைத்திருந்தால் சிறையும் பிரம்படியும் வரும்.

தோட்டத்துக்கோ உணவகத்துக்கோ ஆள் எடுக்கும் முறையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். முதலாளி முதலில் ஒதுக்கீடு பெறுகிறார். தீபகற்பத்தில் தோட்டத் துறைக்கு ஆளுக்கு ஆண்டுக்கு 640 ரிங்கிட், சேவைத் துறைக்கு 1,850 ரிங்கிட் என்று லெவி எனும் வரி கட்டுகிறார். தொழிலாளி சொந்த நாட்டிலேயே மருத்துவச் சோதனை முடிக்கிறார். அதன்பின் நம்மவர்கள் ‘காலிங் விசா’ என்று சொல்லும் ஒப்புதல் வருகிறது. அதைக் காட்டி விசா பெற்று விமானமேறுகிறார். வந்து 30 நாளுக்குள் ஃபொமிமா மருத்துவச் சோதனை. அதில் தேறியபின்தான் தற்காலிக வேலை அனுமதி. அதில் முதலாளியின் பெயரும் துறையும் இருக்கும். இரண்டையும் தொழிலாளி தன் விருப்பப்படி மாற்ற முடியாது.

இந்தச் சங்கிலியில் சுற்றுலாப் பயணத்துக்கு இடமில்லை. காலிங் விசா வந்தவர் இடையில் பார்வையாளராக நுழைந்தால், அவர் பார்வையாளர் மட்டுமே. பொதுவாக அவர் வெளியே போய், வேலை விசாவோடு மீண்டும் நுழைந்தால்தான் சங்கிலியின் அடுத்த கண்ணி தொடங்கும்.

இந்தக் கறாருக்குப் பின்னால் ஓர் அனுபவம் இருக்கிறது. இந்தியருக்கு வந்திறங்கியபின் விசா தரும் வசதி இருந்தபோது, வந்தவர்களில் ஏறத்தாழ 40,000 பேர் திரும்பவில்லை என்றும், அவர்களில் பெரும்பாலோர் சென்னையிலிருந்து வந்தவர்கள் என்றும் 2010இல் அன்றைய பிரதமர் நஜீப் கூறினார். அவ்வாண்டு ஆகஸ்டில் அந்த வசதி நிறுத்தப்பட்டது. பதின்மூன்று ஆண்டுக்குப் பிறகு, 2023 டிசம்பர் 1 முதல், இந்தியர் விசா இல்லாமலே வந்து 30 நாள் தங்கலாம் என்று அரசு அறிவித்தது. அந்தச் சலுகை 2026 இறுதிவரை நீட்டிக்கப்பட்டது. சுற்றுலா வருமானம் கதவைத் திறக்கச் சொல்கிறது. தொழிலாளர் கட்டுப்பாடு மூடச் சொல்கிறது. வேலைக்கான வழி நெருக்கமாகவும் சுற்றுலாவுக்கான வழி அகலமாகவும் இருக்கும் நிலையில், ஏஜெண்டு எந்த வழியைக் காட்டுவார் என்று ஊகிப்பது கடினமல்ல.

கறாரை ஆதரிப்போர்

கறாரை ஆதரிப்பவர்களில் அரசுத் தரப்பு மட்டும் இல்லை. தொழிலாளர் நலம் பேசுவோரும் உண்டு. அவர்கள் வாதம் எளிதில் தள்ளக்கூடியதல்ல. இந்தியாவின் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேறாத ஒருவர் மலேசியா உள்ளிட்ட குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் அனுமதி பெற வேண்டும். அந்த அனுமதிக்கு வேலை ஒப்பந்தம் பதிவாக வேண்டும், காப்பீடு எடுக்க வேண்டும். சுற்றுலாப் பயணிக்கு இது எதுவும் தேவையில்லை. ஆகவே ‘முதலில் டூரிஸ்டாகப் போ, பெர்மிட் அங்கே போட்டுத் தருகிறோம்’ என்று ஏஜெண்டு சொல்லும்போது, தொழிலாளியின் கையிலிருந்து நழுவுவது அந்த ஒப்பந்தத் தாள்தான். சம்பளம் எவ்வளவு என்று வழக்காட அவரிடம் எழுத்து இல்லை. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளரையும் சேர்த்துக்கொண்ட சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பிலும் அவர் பெயர் ஏறாது. செம்பனைக் குலை விழுந்து கால் முறிந்தால் மருத்துவமனைக்குப் போகவே அஞ்சுவார்.

இலங்கையிலும் இதே பாடம்தான். சுற்றுலா விசாவில் ஓமானுக்கு அழைத்துச் செல்லப்பட்ட பெண்களின் நிலை 2022 இறுதியில் அம்பலமானபோது, அவர்களில் பலர் வேலைவாய்ப்புப் பணியகத்தின் பதிவுக்குள் வராமல் போயிருந்தது தெரியவந்தது. மலேசிய இளைஞர்களும் இதில் பலியாகியிருக்கிறார்கள். கம்போடியாவிலும் மியன்மாரிலும் மோசடிக் கும்பல்களிடம் சிக்கியவர்கள் பலரும் வேலை என்று நம்பி வருகையாளராகப் புறப்பட்டவர்களே.

தளர்வை ஆதரிப்போர்

மறுதரப்பில் முதலாளிகளின் குரல் உரக்கக் கேட்கிறது. முடிதிருத்தம், நகைத் தொழில், துணிக்கடை ஆகிய மூன்று துறைகளுக்கும் வெளிநாட்டு ஆள் எடுப்பது 2009இல் நிறுத்தப்பட்டது. இவை மூன்றும் இந்தியர்கள் வழிவழியாக நடத்திவரும் தொழில்கள். சுங்கைப்பட்டாணி போன்ற நகரங்களில் நாற்காலி இருந்தும் ஆளில்லாமல் கடை சுருங்கியவர்கள் இதைத் திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னார்கள். 2023இல் இத்துறைகளுக்கு 7,500 பேரை அனுமதிப்பதாக அறிவிப்பு வந்தது. அறிவிப்புக்கும் கடைக்கு ஆள் வருவதற்கும் உள்ள தூரம் குறைந்தபாடில்லை. முறையான வழியை அடைத்துவிட்டு முறைகேட்டைக் குற்றம் சொல்வது சரியா என்பது அவர்கள் கேள்வி. ஆனால் இந்த வாதம் ஆள்பற்றாக்குறையை நிறுவுகிறதே தவிர, வருகை அனுமதியில் வேலை வாங்குவதை நியாயப்படுத்தவில்லை. ஒதுக்கீடு வேண்டும் என்பதற்கு அது காரணம். தொழிலாளியை ஆபத்தில் நிறுத்துவதற்கு அல்ல.

வடக்கே எல்லைப்புறத்தில் இன்னொரு பழக்கம் இருந்துவந்திருக்கிறது. தாய்லாந்தின் தென்மாநிலங்களிலிருந்து தோம்யாம் கடைகளுக்கு வேலைக்கு வருபவர்களில் பலர் வருகை அனுமதியில் வந்து, நாள் முடியும்போது புக்கிட் காயு ஹீத்தாம் போன்ற எல்லைகளில் வெளியேறி, புதிய முத்திரையோடு திரும்பினார்கள். ஆண்டுக்கணக்கில் நடந்த இதை எல்லோரும் அறிந்திருந்தனர். நடைமுறையும் சட்டமும் இவ்வளவு விலகி நிற்கும் இடத்தில் ‘சட்டம் தெளிவாக இருக்கிறது’ என்ற கூற்றுக்கு மதிப்புக் குறைவு.

தளர்வுக்கான வாதங்களில் வலிமையானது மூன்றாவது ஒன்று: தொழிலாளி தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது. ஒரு முதலாளிக்கே கட்டுப்பட்ட பெர்மிட், பணம் கடன் வாங்கிக் கட்டிய பயணம், பார்க்காத வேலையிடம் என்ற மூன்றும் சேரும்போது பின்வாங்க இடமே இல்லாமல் போகிறது. இதே வட்டாரத்துச் செமிலிங்கில் உள்ள ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் போன்ற இடத்துக்குப் பேராசிரியராக வர நினைப்பவர், தன் செலவில் வந்து வளாகத்தையும் வீட்டையும் பார்த்து முடிவெடுக்க முடியும். அதே சாலையில் சற்றுத் தள்ளியுள்ள தோட்டத்துக்குக் குலை வெட்ட வருபவருக்கு அது வாய்க்காது. வந்தாலும் அவர் தோற்றமும் கடப்பிதழும் அவரைச் சந்தேகத்துக்கு ஆளாக்கும். சட்டம் எழுத்தில் இருவருக்கும் ஒன்றுதான்.

பிற நாடுகளின் விடைகள்

பிரிட்டன், வேலை விசா தொடங்கும் தேதிக்கு முன் ஒருவர் வருகையாளருக்கான தகுதியோடு வந்துபோவதைத் தடுக்கவில்லை. ஆனால் வேலையில் சேர அவர் வெளியேறி, விசா தொடங்கியபின் மீண்டும் நுழைய வேண்டும். இது நம் முதல் வகைக்காரருக்குத் தெளிவான வழி. இரண்டாவது டிக்கெட் வாங்கும் வசதி இருந்தால். ஆஸ்திரேலியாவில் புதிய விசா வழங்கப்பட்டதும் பொதுவாகப் பழையது இறந்துவிடும். கையில் வேலை விசா வந்தபின் பார்வையாளர் விசாவைத் தனியாகப் பயன்படுத்த இடமில்லை. சிங்கப்பூர், மலேசியரையும் மற்றவரையும் வேறுபடுத்துகிறது. கெடா இளைஞர் வருகையாளராக ஜோகூர் பாலம் கடந்து நேர்முகத்துக்குப் போய்வரலாம். தமிழ்நாட்டுக் கட்டுமானத் தொழிலாளி முன்னொப்புதல் கடிதம் வந்தபின்தான் கிளம்ப வேண்டும். அமீரகத்தில் விசிட் விசாவில் போய் வேலை தேடி, உள்ளிருந்தே கட்டணம் கட்டி நிலையை மாற்றிக்கொள்வது நடைமுறையில் உண்டு. துபாய் பற்றித் தமிழ்நாட்டில் பரவியிருக்கும் இந்த அறிவே, மலேசியாவிலும் அப்படித்தான் என்ற தவறான நம்பிக்கைக்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

கனடாவின் சோதனை தனித்துப் பார்க்கத் தக்கது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஆகஸ்டில், உள்ளே இருக்கும் வருகையாளர்கள் வெளியேறாமலே வேலைப் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அந்நாடு தற்காலிகமாக அனுமதித்தது. 2024 ஆகஸ்ட் 28இல், குறித்த காலத்துக்கு முன்பாகவே அதை நிறுத்தியது. தற்காலிகக் குடியிருப்பாளர் எண்ணிக்கையைக் குறைப்பது ஒரு காரணம்; அனுமதியின்றி வேலை செய்யும்படி வருகையாளர்களைத் தவறாக வழிநடத்திய இடைத்தரகர்கள் இன்னொரு காரணம். அதே ஆண்டு டிசம்பரில், எல்லைவரை போய்த் திரும்பிப் பெர்மிட் வாங்கும் வழக்கத்தையும் முடித்தது. நல்ல நோக்கத்தோடு திறந்த வழியைத் தரகர் எவ்வளவு விரைவில் ஆக்கிரமிப்பார் என்பதற்கு இது சான்று. வழி திறந்ததே தவறு என்பதற்குச் சான்றா என்று கேட்டால், அப்படிச் சொல்ல இது போதாது. தரகர்மேல் கட்டுப்பாடு தளர்ந்திருந்த இடத்தில் நடந்தது இது.

பொதுமன்னிப்பு என்ற முரண்

மலேசியக் கொள்கையின் பெரிய முரண் வேறோரிடத்தில் இருக்கிறது. வருகை அனுமதியை வேலைப் பெர்மிட்டாக மாற்ற முடியாது என்று சொல்லும் அதே அரசு, 2011இல் 6பி திட்டம், 2016இல் மறுவேலைத் திட்டம், 2020 நவம்பரில் மறுசீரமைப்புத் திட்டம், 2023இல் அதன் இரண்டாம் கட்டம் என்று, ஆவணமின்றி உள்ளே இருப்பவர்களைக் கட்டணம் வாங்கிச் சட்டபூர்வமாக்கும் ஏற்பாடுகளை அடுத்தடுத்து நடத்தியிருக்கிறது. 30 நாளுக்குள் நேர்மையாகத் திரும்பியவருக்கு மாறும் வழி இல்லை. காலம் கடந்து ஒளிந்திருந்தவருக்குச் சில ஆண்டுக்கு ஒருமுறை வழி பிறக்கிறது. இத்திட்டங்களைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. ஏமாற்றப்பட்டு வந்தவர்களில் பலருக்கு இவைதான் மீட்சி. ஆனால் ‘உள்ளிருந்து மாறுவது கொள்கைக்கு ஒவ்வாதது’ என்ற வாதம் இவற்றுக்குப் பின் நிற்காது. ஒவ்வாதது எது, எப்போது, எவ்வளவு கட்டணத்தில் ஒத்துக்கொள்ளப்படுகிறது என்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது.

எஞ்சியிருப்பவை

இதுவரை பார்த்ததிலிருந்து சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். மலேசியாவுக்குத் தோட்ட, உணவக வேலைக்கு வருபவர் சுற்றுலா அனுமதியில் நுழைந்து உள்ளே பெர்மிட் வாங்கிக்கொள்ளலாம் என்று யாரேனும் சொன்னால், அதை நம்பக்கூடாது. இழப்பு முழுவதும் அவருடையதாகவே இருக்கும். காலிங் விசா வந்தபின் பார்வையாளராக வந்துபோவது குற்றம் என்று கொள்ள இடமில்லை. ஆனாலும் நுழைவு அதிகாரியின் தீர்ப்பைப் பொறுத்த ஆபத்து அதில் இருக்கிறது. மறைக்காமல் உண்மையைச் சொல்வதும் திரும்பும் டிக்கெட் வைத்திருப்பதும் அந்த ஆபத்தைக் குறைக்கும், நீக்காது.

தீராமல் நிற்பது தொழிலாளியின் பார்க்கும் உரிமை. அதைச் சுற்றுலாப் பயணமாகத் தருவதா, 1920களின் விதிபோல் வந்தபின் திரும்பும் உரிமையாகத் தருவதா என்பதில் ஆய்வு குறைவு. ஃபொமிமா சோதனைக்கான அந்த 30 நாளில் முதலாளிக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது: உடல் தேறாத ஆள் திருப்பி அனுப்பப்படுவார். அதே 30 நாளில் வீடும் வேலையும் சம்பளமும் சொன்னபடி இல்லை என்று கண்ட தொழிலாளி, கடனோ தண்டமோ இல்லாமல் திரும்ப முடிந்தால், முன்கூட்டிய பயணத்தின் தேவையே பெருமளவு குறையும். அந்த டிக்கெட்டின் விலையை லெவியிலிருந்து ஈடுகட்ட முடியுமா, ஏஜெண்டிடமிருந்து வசூலிக்க முடியுமா, கெடாவின் உள்தோட்டத்திலிருந்து எழும் புகார் இந்த முறை யாருடைய மேசைக்குப் போகும் என்பவற்றுக்கு இன்னும் விடை எழுதப்படவில்லை.